பதிலுக்கு விட்ட இடம்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிற ஆள் நான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லூரி விடுதியில் மேல்மாடிக் குளியலறையில் யாரோ முனகுகிறார்கள் என்று பயந்து பெண்களெல்லாம் ஒரே அறையில் நெருக்கிப் படுத்துக் கிடந்தபோது, குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு வாஷரை மாற்றியவள் நான்தான். படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது என் பழக்கம். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளை எல்லாம் நானே கேட்டு அடித்தாகிவிட்டது. அடிக்க முடியாமல் மிஞ்சியதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கம் போகிற ஒரு தெருவில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் வீடு. மறதி நோய் வந்த பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே வாழ்கிறார்கள். ஆஸ்பத்திரி என்று தோன்றிவிடக் கூடாது என்பதற்காக எங்களில் யாருக்கும் சீருடை கிடையாது. சமையலறையை நடுக்கூடத்துக்குத் திறந்து வைத்திருக்கிறோம், தாளிக்கிற வாசனை வந்தால்தான் சிலருக்குப் பசியே ஞாபகம் வரும். கதவுகளில் சென்சார், யாராவது எழுந்தால் சொல்லும் படுக்கை விரிப்பு, மாத்திரை நேரத்துக்கு ஒலிக்கும் அலாரம், இவையெல்லாம் என் பொறுப்பு. ஆனால் சின்ன வீடு என்பதால் பட்டாணி உரிப்பதும் என் பொறுப்புதான். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டெல்லாக்கா. நர்ஸ், புத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், அவர் ஹார்ன் கேட்டாலே வீடு நிமிர்ந்து உட்காரும்.

அங்கே போனதும் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, மறுத்துப் பேசக் கூடாது என்பது. ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றால், நீங்கள் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது என்று சொல்லக் கூடாது, இன்றைக்கு எந்த வகுப்புக்குப் பாடம் என்று கேட்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரம்தான் கஷ்டமான நேரம். காரணம் என்னவோ, வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவர் செருப்பைத் தேடுவார், இன்னொருவர் பையில் தலையணையை அடைப்பார்.

ஜுபைதாம்மா வந்த புதிதில் அந்த நேரத்தில்தான் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். "அவுங்க வந்திருவாங்க, நான் போவணும்" என்பார். அவுங்க என்றால் அவருடைய கணவர். இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார், பிறகு நிரந்தரமாகத் திரும்பி வந்து திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு கடை வைத்து, இருபது வருடத்துக்கு மேல் மனைவியோடு பாலக்கரையில் ஒரே வீட்டில் இருந்து, சொந்தக் கட்டிலில் காலமானவர். அந்த இருபது வருடம் ஜுபைதாம்மாவின் நினைவிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. அவர் இல்லாமல் தனியாக இருந்த வருடங்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவே மாட்டார், கணவர் சாப்பிட்டாரா என்று தெரியாமல் தான் எப்படிச் சாப்பிடுவது என்பார். மகன் அன்வர் பாய் குவைத்தில் இருக்கிறார். லீவில் வந்தபோது ஒரு பழைய டேப் ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் கொண்டுவந்தார்.

"அந்தக் காலத்துல ஃபோன் ஏதுங்க. அத்தா கேசட்ல பேசி, லீவுல வர்ற யாருகிட்டயாவது குடுத்து அனுப்புவாங்க. நாங்க எல்லாம் சுத்தி உக்காந்து கேப்போம். அத்தாவுக்கு ஒரு பழக்கம், மெஷின்கிட்ட பேசுற மாதிரி பேச மாட்டாங்க. அம்மா எதுத்தாப்ல உக்காந்திருக்குற மாதிரி ஒரு கேள்வி கேப்பாங்க, அப்புறம் சும்மா இருப்பாங்க. அந்த நேரத்துக்கு அம்மா இங்க பதில் சொல்லும். எங்களுக்குச் சிரிப்பா வரும்."

"சிரிச்சா அடி விழுமா?" என்றார் ஸ்டெல்லாக்கா.

"விழும் விழும். நல்லா விழும்."

அன்று விளக்கு வைத்ததும் போட்டுப் பார்த்தோம். கொர்ரென்ற இரைச்சலுக்குப் பின்னால் ஒரு ஏர்கண்டிஷனர் ஓடுகிற சத்தம், அதற்கும் முன்னால் ஒரு ஆண் குரல். "ஜுபைதா, அஸ்ஸலாமு அலைக்கும்." பிறகு இடைவெளி. கதவருகே நின்றிருந்த ஜுபைதாம்மா திரும்பினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "வ அலைக்கும் ஸலாம்" என்றார். உடம்பு எப்படி, கூட யார் இருக்கிறார்கள், மழை பெய்ததா என்று அந்தக் குரல் கேட்டுக் கேட்டு நிறுத்த, அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, "போ, மொதல்ல சாப்பிடு, நான் பேசிக்கிட்டே இருக்கேன்" என்றது குரல். ஸ்டெல்லாக்கா தட்டை நீட்டினார். அம்மா வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவுதான். அன்வர் பாய் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். பக்கத்து நாற்காலியில் ராமபத்ரன் மாமா உட்கார்ந்து கேட்பார். வங்கியில் வேலை பார்த்தவர், ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், சாத்தமுதில், அதாவது ரசத்தில், உப்பு போதாது என்று தினமும் சண்டை போடுகிறவர். ஒருநாள் என்னிடம் கோபமாகவே கேட்டார்: "ஏண்டிம்மா, அந்த பாய் தெனமும் இதே நேரத்துக்கு வந்து வாசல்லயே நின்னு பேசிட்டுப் போறாரே, ஒரு நாளாவது உள்ள வாங்கோன்னு கூப்பிடப்படாதோ? என்ன மரியாதை இது?"

"நாளைக்குக் கூப்பிடறேன் மாமா" என்றேன். மறுத்துப் பேசக் கூடாதே.

சில மாதங்களில் ரெக்கார்டரின் உள்ளே இருக்கிற பெல்ட் தளர்ந்து குரல் இழுக்க ஆரம்பித்தது. கேசட்டும் தேய்ந்துவிடும் என்று எனக்குப் பயம். திருவெறும்பூர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய டேப் டெக் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. கேசட்டை எடுத்துப் போய் அதில் போட்டு, கேபிள் வழியாக லேப்டாப்பில் ஏற்றினேன். ஏறுகிற நேரத்தில் நான் என் அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முழுதாகக் கேட்கவில்லை. பிறகு இரைச்சலைக் குறைக்கிற வேலையை சாஃப்ட்வேரிடம் விட்டேன். வெற்று இடங்களை நீக்கு என்று அதில் ஒரு வசதி உண்டு. அதையும் போட்டேன். ஒலிப்பதிவைச் சுத்தம் செய்கிற யாரும் செய்வதுதான். பழைய ரெக்கார்டருக்குள் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டதால் பார்வைக்கு எதுவும் மாறவில்லை.

மறுநாள் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. ஜுபைதாம்மா சலாம் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வருவதற்குள் அதற்கடுத்தது. அவர் தட்டைத் தொடவில்லை. வயதானவர்களுக்கு ஒரு நாள் அப்படி ஆகும் என்று விட்டோம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாள் காலை இட்லியும் வேண்டாம் என்றார். நான் வழக்கம்போல வரிசையாகப் பார்த்தேன்: கட்டுப்பல் உறுத்துகிறதா, மலச்சிக்கலா, சிறுநீரில் தொற்றா, புது மாத்திரையா. எதுவும் இல்லை. புத்தூரிலிருந்து வந்த டாக்டர் நாடி பார்த்துவிட்டு எங்களை வெளியே அழைத்தார்.

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் பாருங்க. அப்பவும் சாப்பிடலைன்னா அட்மிட் பண்ணிடுங்க. மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும்."

"பிடுங்கிப் போட்டுருவாங்களே டாக்டர்" என்றார் ஸ்டெல்லாக்கா.

"கையைக் கட்டித்தான் வைக்கணும், வேற என்ன பண்றது."

குவைத்துக்குப் பேசினோம். "கையைக் கட்டுறது வேணாங்க" என்றார் அன்வர் பாய். "எப்படியாவது அம்மாவ அங்கயே வச்சுச் சாப்பிட வைங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்." அப்படி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. திரும்பி வந்தவர் ஒருவர், போனவராகத் திரும்பவில்லை. இன்னொருவர் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலமும் பதிவு ஓடியது. நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு திறந்தது, மூடியது, திறந்தது. கண்ணில் தண்ணீர்.

"என்னம்மா?" என்றேன்.

"கோவமா இருக்காங்க போல. என்னைய ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்குறாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வெட்டி எறிந்தது வெற்று இடம் இல்லை, அவர் பேசுவதற்கு அந்த மனிதர் விட்டுவைத்த இடம்.

மறுநாள் மதியம் அலுவலக அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். வெட்டாத மூலப் பதிவு பத்திரமாக இருந்தது, எதையும் அழிக்கிற வழக்கம் எனக்கில்லை. இடைவெளிகளைத் திருப்பி வைத்துவிட்டு அதில் இருக்கிற இரைச்சலை மட்டும் கொஞ்சம் தணிக்கலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் இடைவெளியில் ஒலியைக் கூட்டினேன். மதியம், நல்ல வெயில், கூடத்தில் மிக்ஸி ஓடுகிறது. பயப்படுகிற சூழ்நிலையே இல்லை.

இடைவெளியில் ஒரு பெண் "வ அலைக்கும் ஸலாம்" என்றாள்.

மிக மெல்லிய குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி. எனக்குத் திகைப்புக்கூட வரவில்லை. அந்தக் காலத்தில் அம்மாவே எப்போதோ அதன்மேல் பதிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். உடம்பு எப்படி இருக்கு? "முட்டிதான் வலிக்குது, மாடிப்படி ஏற முடியல." கூட யாரு இருக்கா? "இந்தப் பொண்ணுதான் நிக்குது", அதற்குப் பிறகு "வெள்ளையா" என்று ஒரு வார்த்தை, மீதி இரைச்சலில் புரியவில்லை. சாப்பிட்டியா?

"எங்கங்க. இத்தனை நாளா நீங்க என்னைய ஒரு வார்த்தை பேச விட்டீங்களா?"

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதைத் திரும்பக் கேட்பதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது காரணங்கள். பின்னால் யாரோ அந்தக் கேசட்டில் பதிந்திருக்கலாம். முடியாது, கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் அதில் மறுபடி பதிய முடியாது, அவை எப்போதோ உடைக்கப்பட்டிருந்தன. ஒட்டுப் போட்டு மூடியாவது பதிந்திருக்கலாமே என்பீர்கள். அப்படிப் பதிந்தால் கீழே இருப்பது அழிந்துவிடும். ஆனால் தம்மாமில் அந்த அறையில் ஓடிய ஏர்கண்டிஷனரின் சத்தம் அந்தப் பெண் குரலுக்கு அடியில் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்தது, அவளும் அதே அறையில் அதே நேரத்தில் பேசிய மாதிரி. லேப்டாப் மைக்கில் ஜுபைதாம்மாவின் குரல் விழுந்திருக்கலாம். நான் ஏற்றியது கேபிள் வழியாக, திருவெறும்பூரில். அம்மா இருந்தது ஸ்ரீரங்கத்தில். கேசட்டின் மறுபக்கம் கசிந்திருக்கலாம். அப்படிக் கசிந்தால் பேச்சு தலைகீழாகக் கேட்கும். கேசட்டையே பிறகு அப்பாவின் டெக்கில் மறுபடி போட்டுக் கேட்டேன், அதிலும் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட, அது வயதான குரல். கட்டுப்பல் போட்டவர்களுக்கு 'ச' சொல்லும்போது வருகிற சின்ன விசில் அதில் இருந்தது. அந்தக் கேசட் வந்தபோது ஜுபைதாம்மாவுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

ஸ்டெல்லாக்காவைக் கூப்பிட்டு ஒரு துண்டைக் கேட்க வைத்தேன், ஒன்றும் சொல்லாமல்.

"ஜுபைதாம்மாதானே பேசுது. நீ எப்ப ரெக்கார்டு பண்ண?"

"நான் பண்ணலக்கா."

"பின்ன அதுவாவா பண்ணிக்கிச்சு? போடி, பொழுது சாயுது, ஒழுங்கா அந்த இடத்தையெல்லாம் திருப்பி வச்சு எடுத்துக்கிட்டு வா. ராத்திரிக்குள்ள சாப்பிடலைன்னா ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும்."

சரிதான் என்று பட்டது. அந்த அம்மா சாப்பிட வேண்டும், மீதியெல்லாம் அப்புறம். ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தக் குரலை மட்டும் முழு மௌனமாக்கினேன். அவர் பேசும்போது அவர் குரலே உள்ளிருந்து கேட்டால் பயந்துபோவார். நீளம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். கடைசி இடைவெளிக்கு வந்தேன். அந்தப் பதிவின் முடிவில் கணவர் சொல்கிறார், அரபி முதலாளியிடம் விசாவுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ் கிடைத்துவிட்டால் உன்னை இங்கே கூட்டிக்கொள்கிறேன் என்று. பிறகு, "வர்றியா ஜுபைதா?"

அந்த இடைவெளியில் என் காதில் கேட்டது இது: "வரேங்க. இந்தப் பொண்ணு அழுவுது. இதுகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்."

அதையும் மௌனமாக்கினேன். இதை ஸ்டெல்லாக்காவிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. சரிசெய்த பதிவின் ஒரு நகலை வழக்கம்போல அவருடைய போனுக்கும் அனுப்பி வைத்தேன், என் லேப்டாப் படுத்துவிட்டால் வேண்டுமே என்று.

விளக்கு வைத்தோம். ஜுபைதாம்மா தளர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்திருந்தார், கதவைத் தட்டக்கூடத் தெம்பில்லை. ஸ்டெல்லாக்கா கையில் ரசஞ்சாதம், பக்கத்தில் ராமபத்ரன் மாமா. நான் சுவரோரமாக நின்றேன். எனக்கு ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. என் போனில் மூலப் பதிவு இருந்தது. ஒரு காதில் இயர்பட் மாட்டிக்கொண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். என் காதில் ஓடியது ஒரு துளி முந்தி ஓடியது.

"ஜுபைதா, அஸ்ஸலாமு அலைக்கும்."

இடைவெளி. என் காதில் அந்த மெல்லிய குரல் சலாம் சொன்னது. அது முடிவதற்குள் நாற்காலியிலிருந்து நிஜக் குரலும் சொன்னது. சலாமுக்கு எல்லோரும் சொல்கிற பதில்தானே, அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உடம்பு எப்படி இருக்கு? காதில், "முட்டிதான் வலிக்குது." நாற்காலியில், "முட்டிதான் வலிக்குது, மாடிப்படி ஏற முடியல." அந்த ஸ்ரீரங்கம் வீட்டில் மாடிப்படியே கிடையாது.

கூட யாரு இருக்கா?

ஜுபைதாம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுதான் நிக்குது. காதுல வெள்ளையா என்னத்தையோ மாட்டிக்கிட்டு நிக்குது."

நம்பினால் நம்புங்கள், பெரியவர்கள் முன்னால் நாங்கள் இயர்பட் போடுவதே இல்லை, யாரோடு பேசுகிறோம் என்று அவர்கள் குழம்பிப்போவார்கள் என்பதால். அன்றுதான் முதல் தடவை போட்டேன். அதுவும், அந்தப் பதிவைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே போட்டேன்.

சாப்பிட்டியா?

"எங்கங்க. இத்தனை நாளா நீங்க என்னைய ஒரு வார்த்தை பேச விட்டீங்களா?" இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக, கோபமும் கொஞ்சலுமாக.

"போ, மொதல்ல சாப்பிடு. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

ஜுபைதாம்மா வாயைத் திறந்தார். ஸ்டெல்லாக்கா ஒரு கவளம் கொடுத்தார், இன்னொன்று கொடுத்தார், பிறகு அம்மா தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "ஊறுகா இல்லியா?" என்று கேட்டார். ஸ்டெல்லாக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "ஊறுகாயா, பாட்டிலோட கொண்டாரேன் தாயி!"

"சாத்தமுதுல உப்பு இருக்கோன்னு கேளுங்கோ அவாள" என்றார் ராமபத்ரன் மாமா.

எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில் நான் தட்டையும் ரெக்கார்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு காலியாகிவிட்டது. குரல் விசா விஷயத்துக்கு வந்துவிட்டது. அடுத்தது அந்தக் கேள்வி. என் கன்னம் ஈரமாக இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பயத்திலா ஆறுதலிலா என்று சொல்லத் தெரியவில்லை. நான் போய் ஒலியை நிறுத்திவிட்டேன். கேள்வி வரவில்லை. ஜுபைதாம்மா ரெக்கார்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கை கழுவ எழுந்தார்.

டாக்டருக்குப் போன் செய்தோம், ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. அன்வர் பாய் வீடியோவில் அம்மா சாப்பிட்ட தட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து எல்லாம் பழையபடி. அம்மாவின் பதில்கள் தினமும் மாறும், ஒருநாள் மழை என்பார், ஒருநாள் வெயில் என்பார். மூலப் பதிவில் இருக்கிற பதில்களோடு அவை மறுபடி ஒத்துப்போகவே இல்லை. அந்தப் பதில்கள் அந்த ஒரு சாயங்காலத்துக்கானவை, அன்றோடு தீர்ந்துவிட்டன. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு இடம் கொடுக்காமல் நான் தினமும் கேள்விக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இடத்தோடு வெட்டி ஒரு நகல் தயாரித்து லேப்டாப்பில் வைத்துக்கொண்டு அதையே போட்டேன். அமானுஷ்யத்தில் நம்பிக்கை இல்லாதவள் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. வாரத்துக்கு வாரம் அம்மாவின் எடை ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு அது போதும்.

பெரியம்மா மகள் கல்யாணத்துக்காக தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. லேப்டாப்பை ஸ்ரீரங்கத்திலேயே விட்டு, எந்த நகலைப் போட வேண்டும் என்று ஸ்டெல்லாக்காவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். மறுநாள் மண்டபத்தில் காலைச் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபோது அவர் போன் செய்தார்.

"ஏய் பவி, உன் லேப்டாப்பு பாஸ்வேர்டு கேட்டு உயிரை எடுத்துச்சு. நான் என் போன்ல இருந்ததையே போட்டுட்டேன். அதுல கடைசில ஒரு கேள்வி கேக்குறாரேடி, வர்றியான்னு. எவ்வளவு அழகா இருக்கு! அதை ஏன் நீ போடுறதே இல்ல?"

"அம்மா எப்படி இருக்காங்கக்கா?"

"எப்படி இருக்கு? இந்தா, ஊத்தப்பம் கேட்டு வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கு."

"அந்தக் கேள்விக்கு என்ன சொன்னாங்க?"

"அதை ஏன் கேக்குற. சுத்தி முத்தி பாத்துச்சு. உன்னையத்தான் தேடுச்சு. அப்புறம் அந்த ரெக்கார்டரப் பாத்து, 'அந்தப் பொண்ணு இல்லீங்க இங்க. அது வரட்டும், அதுகிட்ட சொல்லாம எப்படி வர்றது'ன்னுச்சு. பாத்தியா, உன் மேல எவ்வளவு பாசம்னு!"

நான் ஏதோ சொல்லிவிட்டு வைத்தேன்.

கல்யாணம் முடிந்து அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கம் திரும்பினேன். திரும்பாமல் இருந்துவிடலாமா என்று பஸ்ஸில் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நான் அங்கே இல்லாவிட்டால் அவர் எங்கேயும் போகப்போவதில்லை என்று ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அங்கே ஆள் போதாது. போனதும் முதல் வேலையாக ஸ்டெல்லாக்காவின் போனிலிருந்து அந்த நகலை அழித்தேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜுபைதாம்மா நன்றாக இருக்கிறார். தினமும் சலாம் சொல்கிறார், சாப்பிடுகிறார். நான் இப்போதும் கேள்வியை வெட்டிய அந்த நகலைத்தான் போடுகிறேன். அந்த வீட்டுக்குள் நான் அழுவதில்லை. ராமபத்ரன் மாமா காலமான அன்றுகூட கொள்ளிடக் கரை வரை நடந்து போய்விட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

ஆனால் நான் தஞ்சாவூரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அம்மாவிடம் ஒரு புதுப் பழக்கம். ஒலி நின்றதும் அவர் ரெக்கார்டரைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார். அருகில் கூப்பிட்டு, என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார்.

"அழுவுறியா?"

"இல்லம்மா."

"சரி" என்று விரலை முக்காட்டில் துடைத்துக்கொள்கிறார். "அப்ப இன்னிக்கு இல்ல."